நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள், ரெக்ஸ்?

ஓக்லி, கான்சஸ்
ஏப்ரல் கடைசி ஞாயிறு

மதிப்பிற்குரிய திரு. ரெக்ஸ் பல்லார்ட் அவர்களுக்கு,

லெராய் ட்ரெய்லிங் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை; உங்கள் உடம்புக்கு ஒரு குறை வந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இங்கே என் முதுகுவலியும் என் மனைவி மார்னாவின் ரத்தக்கொதிப்பும் வழக்கம்போல் சௌக்கியம். எனக்கு முன்னால் அவள் உங்கள் மனைவியாக இருந்தவள் என்பதால், அந்த ரத்தக்கொதிப்பின் ஆரம்ப வரலாறு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் மகள் கோரினுக்கு இப்போது பதினேழு வயது. பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் பழக்கம் உங்களுக்கு இல்லாததால் கணக்கு விட்டுப்போயிருக்கலாம், அதனால் சொல்கிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று எங்கள் கான்சஸ் மாநிலத்துடையது. மற்றது உங்கள் கொலராடோ மாநிலத்துடையது, மலையடிவாரத்தில் இருக்கிறது, அங்கேதான் பனியைப் பற்றிப் படிக்கலாம். பனி எப்படி இறுகுகிறது, சரிவில் எப்போது அறுந்து விழும், உருகினால் எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், இதெல்லாம் ஒரு படிப்பாம். மார்ச் மாதம் நான் உங்கள் ஊருக்கு வந்திருந்தபோது நீங்கள் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "மலைக்காரன் ரத்தம், லெராய். அது எங்கிட்ட இருந்து வந்தது"ன்னு சொன்னீர்கள். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். மார்னாவுக்கு முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை இருந்த நாட்களில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல், விதியை மீறி லாரியில் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போவேன். "லெராய், நேத்து பனி சத்தம் போடல, இன்னைக்கு மட்டும் ஏன் கிறீச்னுது?" என்று கேட்பாள். "பன்னைத் தின்னுட்டுத் தூங்கு" என்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவள் இப்போது உங்கள் ஊருக்கு வர நினைக்கிறாள். உங்கள் ரத்தத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தில் கொலராடோப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலப் பிள்ளைக்கு அதைப்போல மூன்று மடங்கு. அதே நாற்காலி, அதே வாத்தியார், அதே ஆறிப்போன பீட்சா. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே மலையா இருக்கிறது, கடலா இருக்கிறது? ஒரு பலகை இருக்கிறது. பலகைக்கு இந்தப் பக்கம் கோதுமை, அந்தப் பக்கமும் கோதுமை, இரண்டு கோதுமைக்கும் ஒரே விலை. பிள்ளைக்குத்தான் வேற வேற விலை. நான் அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் போட்டு இதையெல்லாம் விளக்கினேன். அந்த அம்மா ரொம்பப் பொறுமைசாலி. "பெத்தவங்கள்ல ஒருத்தர் இங்க ஒரு வருஷத்துக்கு மேல குடியிருந்தாப் போதும் சார், பிள்ளை எங்க வளந்திருந்தாலும் எங்க ஊர்ப் பிள்ளைதான். நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார். அவளோட அம்மாவைக் கட்டினவன், சின்னதிலிருந்து வளர்த்தவன் என்றேன். "அப்ப நீங்க எங்க குடியிருந்தாலும் பரவாயில்ல சார், உங்களை நாங்க கணக்குல எடுக்கறதில்ல" என்று ஆறுதலாகச் சொன்னார். ஆகக்கூடி, பால்பல் விழுந்ததிலிருந்து பல்லுக்குக் கம்பி கட்டினது வரைக்கும் கூட இருந்தவன் கணக்கில் வரமாட்டான், கொலராடோவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் வருவீர்கள்.

அதனால்தான் மார்ச் மாதம் லீவு போட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்தேன். பாதி வழியில் லாரிக்காரன் தெறிக்கவிட்ட கல்லில் என் கார்க் கண்ணாடி விரிசல் விட்டது, மலை ஏற ஏற எனக்கு மூச்சு முட்டியது, இதைப் பற்றியெல்லாம் நான் குறை சொல்லவில்லை. உட்கார்ந்து குளிக்கும் சுடுநீர்த் தொட்டிகள் விற்கிற உங்கள் கடையில், அதில் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே நீங்கள் என்னை வரவேற்றீர்கள். வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரணுமாம். "வா லெராய், நீயும் இறங்கு, முதுகு லேசாகும்" என்றீர்கள். நான் பேன்ட்டும் தொப்பியுமாக நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "இவ்வளவுதானா? பதினாலு வருஷமா இங்கதான் கெடக்கேன். ஊர்ல யார வேணாலும் கேளு" என்றீர்கள். ஊரைக் கேட்கவில்லை, அலுவலகம் காகிதம் கேட்கிறது என்றேன். அப்போதுதான் உங்கள் முகம் அந்தத் தொட்டித் தண்ணீரைவிட வேகமாக ஆறியது.

நீங்கள் திறந்து காட்டிய மேஜையில், மேல் டிராயரில் நீங்கள் கொலராடோவில் இருப்பதற்கான அத்தாட்சி எல்லாம் இருந்தது: கடை உரிமம், வீட்டு வாடகைப் பத்திரம். கீழ் டிராயரில் நீங்கள் அரிசோனாவில் இருப்பதற்கான அத்தாட்சி எல்லாம் இருந்தது. ஓட்டுநர் உரிமமே அரிசோனா. பிள்ளை வளர்க்கக் கட்ட வேண்டிய பணத்துக்காகக் கோர்ட்டிலிருந்து காகிதம் வரும்போதெல்லாம், "மேற்படி நபர் கொலராடோவில் வசிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். மேற்படி நபரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் சிரிச்சிட்டேன், ரெக்ஸ். மன்னிக்கணும். சிரிக்கிற இடம் இல்லைதான். ஆனா கோரின் வளர்றதுக்கு நீங்க கொலராடோவுல இருக்கக் கூடாது, படிக்கிறதுக்கு மட்டும் இருக்கணும்னா, ஒரு மனுஷன் எத்தனை இடத்துலதான் இருப்பான்?

"நான் இங்கதான் இருக்கேன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கே என்னை வந்து பிடிப்பாங்க" என்றீர்கள். பிறகு குரலை இறக்கி, "மார்னா அந்தப் பழைய பாக்கிய விட்டுட்டான்னு எழுதிக் குடுத்தா வேற விஷயம்" என்றீர்கள். கடை வாசலில் கார் நிறுத்துமிடத்தில் நான் உங்களைச் சொன்ன வார்த்தை ஒரு கோபத்தில் வந்தது. அதை லாரி ஓட்டுகிறவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து மார்னாவிடம் சொன்னேன். அவள் அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றையும் உடைக்கவில்லை, உடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "கோரின் காய்ச்சல்ல கெடந்தப்போ ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு என் காரை வித்தேனே, அதுவும் அந்தப் பாக்கியிலதான் சேத்தி" என்றாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். போட்டாள். "கோரின்கிட்ட மூச்சு விடாத. அப்பனை விலைக்கு வாங்கினாங்கன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்." அந்தக் காகிதமும், நீங்கள் அங்கே குடியிருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டிய படிவமும் உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன என்று தபால்காரரிடம் நீங்கள் போட்டுக்கொடுத்த கையெழுத்தே சொல்கிறது. அந்தக் கையெழுத்து மட்டும் உடனே போட முடிந்திருக்கிறது.

அதற்கப்புறம் உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, உங்கள் குரலில் ஒரு மிஷின் எடுத்து, வசந்தகாலத் தள்ளுபடியில் தொட்டி வாங்கினால் மூடியும் படிக்கட்டும் இலவசம் என்கிறது. நான் அந்த மிஷினிடம் முதலில் மரியாதையாகப் பேசினேன், பிறகு கெஞ்சினேன், போன புதன்கிழமை அது என்னைப் பாதியிலேயே நிறுத்திவிட்டது. மே முதல் தேதிக்குள் எந்தப் பல்கலைக்கழகம் என்று கோரின் சொல்லியாக வேண்டும். நேற்று ராத்திரி சாப்பாட்டில், முட்டைக்கோஸ் அடைத்த பன்னைப் பிய்த்துப் பிய்த்து ஓரத்தில் வைத்துக்கொண்டே அவள், "நான் இங்கயே படிக்கிறேன் லெராய். இங்க மண்ணைப் பத்திப் படிக்கலாம். பனி உருகினா மண்ணுக்குத்தானே போகுது" என்றாள். உனக்கு மண்ணு பிடிக்குமா என்றேன். "பிடிக்க வச்சுக்கலாம்" என்றாள். பதினேழு வயசுல ஒரு பொண்ணு பேசற பேச்சா அது? அம்பது வயசுல நான் பேச வேண்டியது. எங்கள் மாநிலப் படிப்பு மட்டமில்லை, என் தம்பி அங்கே படித்துத்தான் மருந்துக்கடை வைத்திருக்கிறான். பிடிச்சு இங்க படிச்சா நானே பாட்டுப் பாடிக்கொண்டு கொண்டுபோய் விடுவேன். நீங்க ஒரு கையெழுத்துப் போடலன்னு படிக்கறதுதான் தொண்டையில இறங்கல.

ஆகவே அந்தப் படிவத்தை மறுபடியும் இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பேனாவும் காய்ந்த கையும்தான். உங்கள் காலில் விழச் சொன்னால் தொட்டியிலிருந்து காலை எடுத்து வெளியே வையுங்கள், வந்து விழுகிறேன்.

உங்கள் வியாபாரம் செழிக்கட்டும், உங்கள் தொட்டிகள் ஒழுகாதிருக்கட்டும், உங்களுக்குக் கிடைக்கும் மகள்கள் எல்லோரும் இவளைப்போலவே இருக்கட்டும். மார்னா விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

இப்படிக்கு, கணக்கில் வராத,
லெராய் ட்ரெய்லிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோரின் சிநேகிதி வீட்டில் தங்குகிறேன் என்று போனாள். இன்று சாயங்காலம் வந்தபோதுதான் தெரிந்தது, அவள் போனது உங்கள் வீட்டுக்கு. கையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம், அத்தாட்சிகளின் நகல், தோளில் நீங்கள் வாங்கிக் கொடுத்த பனிக்காலக் கோட்டு. நல்ல கோட்டுதான். உங்களிடம் இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை என்றும், கேட்டிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பீர்கள் என்றும் சொன்னீர்களாம். அவள் என் எதிரில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், "ஒரு தடவை கேட்டிருந்தாப் போதும்னாரு, லெராய். நீ ஏன் கேக்கல? நான் போறது உனக்குப் பிடிக்கலயா?" என்றாள். மார்னா வாயைத் திறந்தாள். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். உள்ளதைச் சொன்னால் கோரின் அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு மண்ணைப் படிக்கப் போய்விடுவாள், அவள் குணம் அப்படி. "மறந்துட்டேம்மா" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

எனவே மேலே எழுதியிருப்பதைத் தனியாக இருக்கும்போது ஒரு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மிஷினை விடாமல் நீங்களே எடுங்கள். விடுமுறையில் உங்கள் வீட்டுக்கு வந்தால் அவளுக்கு மிளகாய் ஒத்துக்கொள்ளாது. அவள் கேட்டால், மார்ச் மாதம் நான் அங்கே வரவில்லை. உங்களை நான் பார்த்ததே இல்லை.