கொக்குப் படம் போட்ட காகிதம்

எல்க் ப்ரேரி, மின்னசோட்டா
டிசம்பர் 16, வெள்ளி, மதியம்

பேரன்பும் மதிப்பும் மிக்க மார்லிஸ் அக்காவின் சமூகத்துக்கு, தம்பி டெல்மர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சௌக்கியம். அங்கே ஃபார்கோவில் நீயும் நார்மன் அத்தானும் அத்தானின் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இருபதாம் தேதி காலை புறப்பட்டு உன் வீட்டுக்கு வருகிறேன். ஜனவரி வரை இருப்பேன். அதற்குப் பிறகும் இருக்க நேரலாம். காரணத்தைக் கீழே விவரிக்கிறேன், அத்தானிடம் நிதானமாகச் சொல்.

எங்கள் பழைய அலுவலகத்தை மூடி, செப்டம்பரில் என்னை இந்தச் சாலைத் துறை அலுவலகத்துக்கு மாற்றியது உனக்குத் தெரியும். இங்கே டிசம்பர் பிறந்தால் யாருக்கும் வேலை ஓடாது. கூரையிலிருந்து காகிதப் பனித்துகள் தொங்கும், ஜரிகை நாடா காபிக்குள் விழும், பனி அள்ளும் வண்டிகளுக்கு வானொலியில் வழி சொல்லும் வெண்டெல் மான்கொம்புத் தொப்பியோடுதான் பேசுவான். அதுகூடப் பரவாயில்லை. ஒருவர் மேசையில் ஒருவர் குறும்பு செய்வது இங்கே வழக்கம். வெண்டெலின் நாற்காலியையும் பென்சில்களையும் தனித்தனியாகப் பரிசுக் காகிதத்தில் பொதிந்து வைத்தார்கள். வரவேற்பில் இருக்கும் லூஆன் இழுப்பறையைத் திறந்தால் நூறு பிளாஸ்டிக் பனிமனிதர்கள். எங்கள் மேலாளர் கொரின் அம்மையாரின் அறை வாசலை முழுக்கக் காகிதத்தால் மூடி, அதில் பனிமனிதன் முகம் வரைந்துவிட்டார்கள். அந்த அம்மாள் காபிக் கோப்பையோடு அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள், போனவள் சிரிக்கவும் செய்தாள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அக்கா இவர்கள்.

என் மேசையை மட்டும் யாரும் தொடவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது, முதல் வாரமே போனது. நான் தினமும் காலையில் இழுப்பறையை மெதுவாக, ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்ப்பேன். உள்ளே குண்டூசி, கிளிப், போன வருஷத்து நாட்காட்டி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வலித்தது. இருபத்தாறு வருஷம் ஒரு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவனை இவர்கள் ஆளாகவே மதிக்கவில்லை என்றுதான் தோன்றியது. அக்டோபரில் என் காபிக் கோப்பைக்குள் ரப்பர் சிலந்தியைப் போட்டதற்கு நான் கொரின் அம்மையாருக்கு இரண்டு பக்கப் புகார், புகைப்படத்தோடு, கொடுத்தேனே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அதனால் புதன்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு நானே போய் என் மேசையை நானே பொதிந்தேன்.

சிரிக்காதே. வீட்டில் வேறு காகிதம் இல்லை. உன் பேத்தி ரோசலிக்குக் குழந்தை பிறந்தபோது வாங்கி மிச்சமானது என்று ஒரு சுருள் கொடுத்தாயே, குழந்தையைக் கொக்குதான் கொண்டுவந்து கொடுக்கும் என்பார்களே, அந்தக் கொக்கு துணிமூட்டையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்குமே, அதைத்தான் எடுத்துப் போனேன். வெளியே பனி, உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி. கழற்றி மேசையில் வைத்தேன், கையுறையை வைத்தேன், கார் சாவியை வைத்தேன், வேலையில் இறங்கிவிட்டேன். தொலைபேசி, கணக்குப் பொறி, பென்சில் குவளை, நாற்காலி, பாலங்களின் வரைபடச் சுருள், எதையும் விடவில்லை. கண்ணாடி இல்லாததால் ஒட்டுநாடா மேசையில் பாதி, என் கோட்டில் பாதி. முடித்துவிட்டு, எங்காவது காபி குடித்துவிட்டு எட்டு மணிக்கு ஒன்றுமறியாதவன்போல வரலாம் என்று காருக்குப் போனால் சாவி இல்லை. கண்ணாடியும் இல்லை. இரண்டும் உள்ளே, நான் பொதிந்த பொட்டலங்களில். திரும்பி ஓடினால் லூஆன் வந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வேறு வழி? சாலைப் பனி உருகத் தூவும் உப்பை வைத்திருக்கும் கிடங்கின் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன். கையுறைகூட இல்லை அக்கா. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு உள்ளே நுழைந்து, வீட்டிலேயே ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னேன். "அட, இது யாரு வேலை?" எல்லோரும் சிரிப்பார்கள், ஆளாளுக்கு முதுகில் தட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கொரின் அம்மையாரின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு செஞ்சது? டெல்மர் மேசைப் பக்கமே போகக் கூடாதுன்னு அக்டோபர்லயே சொன்னேனா இல்லையா? அவருக்கு இதெல்லாம் பிடிக்காது, எழுதியே கொடுத்திருக்காருன்னு சொன்னேனா இல்லையா?"

அப்போதுதான் அக்கா எனக்குத் தெரிந்தது, என்னை ஒதுக்கியது நான்தான்.

"வெண்டெல், உன்னைத் தவிர இதுக்கு யாருக்குத் துணிச்சல் வரும்?"

"சத்தியமா நான் இல்லைம்மா. கொக்குப் படம் போட்ட காகிதத்துக்கு நான் எங்க போவேன்? எனக்கு நாய்தான் இருக்கு."

"விளையாடாத. உன் பேருல எழுதி மேலிடத்துக்கு அனுப்பப் போறேன்."

வெண்டெல் தொப்பியைக் கழற்றிவிட்டான். மான்கொம்பு இல்லாமல் அவனை அன்றுதான் முதல்முறை பார்த்தேன், பாவமாக இருந்தது. நான் வாயைத் திறக்கும்போது, பொதிந்து வைத்த தொலைபேசி உள்ளேயே அடிக்கத் தொடங்கிவிட்டது. பதற்றத்தில் கண்ணாடி வேண்டுமே என்று கை தானாக இடப்பக்கத்து மூன்றாவது பொட்டலத்துக்குப் போனது, பிரித்தேன், மாட்டிக்கொண்டேன். அப்படியே பக்கத்துப் பொட்டலத்தைப் பிரித்துச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏங்க டெல்மர், கண்ணாடி அதுக்குள்ளதான் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லூஆன்.

"முதுகுல வேற ஒட்டுநாடா தொங்குது பெரியவரே" என்றான் வெண்டெல்.

ஒப்புக்கொண்டேன். "நான்தான் செஞ்சேன். என்னை யாரும் கண்டுக்கவே இல்லை, அதான்" என்று ஐம்பத்தெட்டு வயதில் எட்டுப் பேர் முன்னால் சொன்னேன். அப்போதாவது சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். "சரி, போய் வேலையப் பாருங்க" என்று கொரின் அம்மையார் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளாக நான் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த அவமானத்தோடு இங்கே என்னால் உட்கார முடியாது. ராஜினாமாக் கடிதம் எழுதி உறையில் போட்டு இழுப்பறையில் வைத்திருக்கிறேன், திங்களன்று கொடுத்துவிடுவேன். சின்ன அறையில் எனக்கு ஒரு கட்டில் போதும். பூனை அத்தானின் நாற்காலியில் ஏறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், ரோசலிக்கும் பச்சைக் குழந்தைக்கும் என் ஆசிகள். உன் கையால் சுடும் லெஃப்சே ரொட்டியில் எனக்கு நாலு எடுத்துவை. வரும் வருஷம் உங்கள் வீட்டுக் கூரைமேல் பனி குறைவாகவே விழட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
டெல்மர் டாலெஃப்சன்

பின்குறிப்பு: காகிதத்தைப் பார்த்தே புரிந்திருக்கும், இதை மட்டும் கொக்குப் படத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கடிதத்தை எழுதி முடித்துத் தபாலில் போடக் காருக்குப் போனால் காரைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் கார் அளவுக்கு ஒரு பரிசுப் பொட்டலம், முழுக்கக் கொக்கு. மழை துடைக்கும் கம்பிகள்கூடத் தனித்தனியாக. இந்தக் காகிதத்துக்காக மூன்று ஊர் அலைந்தார்களாம். காரைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் ஆனது, அலுவலகத்துக்குத் திரும்பி வந்தால் மேசையும் நாற்காலியும் இழுப்பறைக்குள் இருந்த ஒவ்வொரு கிளிப்பும் பொட்டலம். வெண்டெல் சொல்கிறான், "நீங்க ஒத்துக்கிட்டப்பவே கண்ணாலயே திட்டம் போட்டுட்டோம், அன்னிக்குச் சிரிச்சிருந்தா அது கெட்டுப் போயிருக்கும் பெரியவரே, கடிச்சுக் கடிச்சு என் உதடு புண்ணாயிடுச்சு." கொரின் அம்மையார் என் அக்டோபர் புகாரையே நாடா கட்டிப் பரிசாகக் கொடுத்தாள். காபிக் கோப்பையில் அந்தப் பழைய சிலந்தி கிடந்தது. அதை எடுக்காமலே குடித்தேன்.

இருபதாம் தேதி வர முடியாது. இருபத்துமூன்றாம் தேதி அலுவலக விருந்துக்கு, அடுப்பில் தட்டத்தோடு வைத்துச் சுடும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் என் பொறுப்பு, உன் பெரிய தட்டத்தை உடனே அனுப்பு. ராஜினாமாக் கடிதமும் இந்தப் பொட்டலங்களில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். தினம் ஒன்றாகப் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். தொட்டால் நீளமாக, தட்டையாக இருக்கும் ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டேன்.