பரீட்சை மண்டபத்தில் மாமா காலமான கதை

உயிரோடிருக்கும் சொந்தத் தாய்மாமனை ஒரே ஒரு பொத்தானை அமத்திச் சாகடித்தவள் நான். அதுவும் மூன்று பரீட்சகர்கள் கண்ணெதிரே, புன்னகையோடு.

நான் வரலாற்றுப் பட்டதாரி. கம்பளையில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே கணினி அறை ஒன்று ஆசிரியர் இல்லாமல் பூட்டியே கிடந்தது. "தகவல் தொழில்நுட்பத்துல ஒரு பட்டப்பின் படிப்ப முடிச்சிட்டு வாங்க டீச்சர், சாவிய உங்க கையில தாறேன்" என்றார் அதிபர். கண்டியில் ஒரு நிலையத்தில், வேறு பாடம் படித்த பட்டதாரிகளுக்கென்றே சனி, ஞாயிறுகளில் அப்படியொரு வகுப்பு நடந்தது. சேர்ந்த கையோடு ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லிவிட்டேன், அடுத்த வருஷம் நான்தான் ஐ.டி. டீச்சர் என்று. (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்த சரித்திரம் எனக்குக் கிடையாது.) ஆகவே பெயிலாகிவிட்டு அந்த அறைக்குள் திரும்பிப் போக வழியே இல்லை.

கடைசிச் செயற்றிட்டத்துக்கு உண்மையான ஒரு அமைப்பைப் பிடித்து, அதற்கு மென்பொருள் செய்து காட்ட வேண்டும். நான் பிடித்தது மாமாவை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். உறுப்பினர் வீட்டில் ஒரு சாவு என்றால் பந்தலுக்குத் தறப்பாள், உட்காரக் கதிரை, தேத்தண்ணிக் கேத்தல், குழி வெட்ட ஆள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. அதுவரை மாமா ஒவ்வொருவராக ஃபோன் அடித்துத்தான் செய்தி சொல்லுவார். உறுப்பினர் பதிவேட்டை என்னிடம் தந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பேரப் பதிஞ்ச அடுத்த நிமிஷம் எல்லாருக்கும் மெசேஜ் போயிறணும் புள்ள. அனுப்பவா வேணாமான்னு அது கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது."

அப்படியே செய்தேன். குறுஞ்செய்திப் பகுதியை இணைக்க உதவியது என்னோடு படித்த, கலகெதர ஊரைச் சேர்ந்த ரிஸ்வான், விவசாயப் பட்டதாரி. திரையைப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"டீச்சர், இதெல்லாம் நெச நம்பரா? டெஸ்ட் பண்ணுறதுக்குப் பொய்ப் பேரும் பொய் நம்பரும்தானே போடச் சொன்னாங்க."

சொன்னார்கள்தான். ஒரு முழுநாள் பாடமே எடுத்தார்கள். ஆனால் மூலாதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதே என்று நாலு வருஷம் திட்டு வாங்கிப் படித்தவள் நான். பொய்த் தரவு என்றால் எனக்கு உடம்பு கூசும். "வரலாற்றுக்காரி பொய் எழுத மாட்டா" என்று ரிஸ்வானிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை, நேர்முகப் பரீட்சை. "ஒரு மரணத்தைப் பதிந்து காட்டுங்கள்" என்றார் தலைமைப் பரீட்சகர் அம்மையார். பட்டியலில் முதல் பெயர் மாமாவுடையது. அதையே எடுத்தேன். காரணம் எழுதாவிட்டால் மென்பொருள் நகராது (நான்தான் அப்படிச் செய்திருந்தேன்). மாரடைப்பு என்று எழுதி, சேமித்தேன். 'அனைவருக்கும் அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. நான் புன்னகைத்தது அப்போதுதான்.

இரண்டு நிமிஷத்தில் என் ஃபோன் அடித்தது. மாமா. அவசரமாக இருக்கும், எடுங்கள் என்றார் அம்மையார். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"புள்ள, நான் கம்பளையில சலூன்ல இருக்கேன். நான் மாரடைப்புல போயிட்டேன்னு எனக்கே மெசேஜ் வந்திருக்கு. என்னா இது?"

தமிழ் தெரிந்த பரீட்சகர் மற்ற இருவருக்கும் அதை நிதானமாக மொழிபெயர்த்தார். நான் பதறிப்போய்ப் பதிவை அழிக்கப் பார்த்தேன். செத்தவரைத் திரும்ப எழுப்ப என் மென்பொருளில் வழி வைத்திருக்கவில்லை. அறிவித்தல் பகுதியில் 'எமது செயலாளர் இன்னும் காலமாகவில்லை' என்று தட்டி அனுப்பினேன். அதைப் படித்தவர்கள், இழுத்துக்கொண்டிருக்கிறதாக்கும் என்று நினைத்து, அதுவரை கிளம்பாதவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

"முதலில் வீட்டுக்குப் போங்கள், முடிவைப் பிறகு சொல்கிறோம்" என்றார் அம்மையார். த்ரீவீல் பிடித்து ஹந்தானைக்கு ஏறினேன். மாமாவின் லயத்து வீட்டு வாசலில் தறப்பாள் கட்டியாகிவிட்டது. கதிரைகள் வரிசையாக இருந்தன. கேத்தலில் தண்ணி கொதித்தது. மண்வெட்டியோடு இரண்டு பேர் போய்விட்டதாகவும் சொன்னார்கள். என் சங்கம், என் மென்பொருள், என்ன வேகம்.

உள்ளே அத்தை தலைவிரி கோலமாகச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். துக்கம் கேட்டு விடாமல் வந்த அழைப்புகளில், மாமா அடித்தது அவருக்கு எட்டவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பரீட்சை, சாவி எல்லாம் மறந்துவிட்டது. காலில் விழுந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மாமாவுக்கு அடித்துக் காட்டலாம் என்றால், அவருடைய ஃபோனும் அதற்குள் சார்ஜ் தீர்ந்து செத்திருந்தது.

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்ற" என்று இன்னும் அழுதார்.

ஒரு மணித்தியாலம் கழித்து, பாதி முகம் மழித்தபடி மாமா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். அத்தை ஓடிப்போய் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அதே சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினார். மாமாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் செயலாளர் செயலாளர்தானே, நிமிர்ந்து தறப்பாளைப் பார்த்தார்.

"இவ்வளவு சுருக்கா கட்டுனது யாரு?"

முத்தையா. சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு நாலு வருஷமாக மாமாவோடு பேசாதவர். கயிற்று முனையைக் கையில் பிடித்தபடி, கண் சிவந்து நின்றார். மாமா அவரிடம் போய், "டீ குடிச்சியா?" என்றார். கேத்தல் கொதித்துவிட்டதால் வந்த அத்தனை பேரும் குடித்தார்கள். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன், ஆளுக்கு ஒரு திட்டும் வாங்கிக்கொண்டேன்.

'மென்பொருள் வேலை செய்கிறது. அதில் எமக்கு ஐயமில்லை. அனுப்பும் முன் ஒரு தடவை கேட்கட்டும்' என்று பரீட்சகர்கள் எழுதி, திருத்தித் தர ஒரு மாதம் கொடுத்தார்கள். 'வீட்டாரிடம் விசாரித்தீர்களா?' என்று கேட்கும் பெட்டி ஒன்றைச் சேர்த்தேன். பரீட்சையில் சித்தியடைந்தேன். கணினி அறைச் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் பாடமே பொய்ப் பெயர் வைப்பதுதான்.

சங்கம் இன்றும் என் மென்பொருளைத்தான் பாவிக்கிறது. ஆனால் எந்தச் சாவுச் செய்தி போனாலும், தறப்பாளை எடுப்பதற்கு முன் மாமாவுக்கு முத்தையா ஃபோன் போட்டுவிடுவார்.

"செக்ரட்டரி, இது நெசமா, இல்ல புள்ளயோட படிப்பா?"