விருந்தாளிகளுக்குக் குப்பை

உலகத்துக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது, கெட்டுக் கிடக்கும் ஓர் இடம். மூதூர்க் கடற்கரையில் ஒரு துண்டுக் கரையைத் தன் வலைப்பாடாக வைத்துக் கரைவலை இழுக்கும் ஜவ்பருக்கு இந்தப் பேருண்மை தெரிந்திருக்கவில்லை, பாவம்.

வெளிநாட்டு இளைஞர்கள் தொண்டர்களாக வந்து கடற்கரையைத் துப்புரவு செய்யப்போகிறார்கள், அதை அவர்கள் நாட்டு மாணவர்கள் சிலர் படமெடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் என்ன செய்வது? ஜவ்பரின் மனைவி ஜெமீலா அயல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கரை முழுவதையும் கூட்டி அள்ளிப் பளிச்சென்று வைத்தாள். ஜவ்பருக்கும் மகிழ்ச்சிதான். நெத்தலி வரும் பருவம், குப்பை இல்லாவிட்டால் வலை கிழியாது.

மறுநாள் பஸ்ஸிலிருந்து ஒரே நிற உடுப்பும் கையுறையுமாகத் தொண்டர்கள் இறங்கினார்கள். கமெராவோடு இறங்கிய மாணவி கரையைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அவர்களை அழைத்துவந்த இளைஞர் சேவை இணைப்பு உத்தியோகத்தர் சோமசேகரம் பதறிப்போனார்.

“ஆர் உங்களைத் துப்புரவாக்கச் சொன்னது?”

“விருந்தாளி வாறாங்களெண்டு, சேர்...”

“அவை வந்ததே துப்புரவாக்கத்தானே! இனி எதைத் துப்புரவாக்கிறது?”

நாட்டின் மானம் தன் வீட்டு ஈர்க்குமாற்றால் போய்விட்டதே என்று ஜவ்பர் உண்மையாகவே வெட்கப்பட்டார்.

சோமசேகரம் போனை எடுத்தார். குப்பை அள்ள வரச்சொல்லி ஊரே கெஞ்சியும் எட்டிப் பார்க்காத ட்ரெக்டர், அவர் பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் பெட்டி நிறையக் குப்பையோடு வந்து நின்றது.

“பரவலாக் கொட்டுங்கோ. இயற்கையா இருக்கோணும்!”

மாணவி ஒரு பிய்ந்த செருப்பை அலையோரம் நகர்த்தச் சொன்னாள். “தண்ணி பட்டா உருக்கமா இருக்குமாம்” என்று சோமசேகரம் மொழிபெயர்த்தார்.

தொண்டர்கள் குறைசொல்ல முடியாதபடி உழைத்தார்கள், கமெராவுக்குள் அடங்கிய இடம்வரைக்கும். பிறகு வெயில் ஏறியது, பஸ்ஸும் போய்விட்டது. மிச்சக் குப்பையில் சிக்கி அடுத்தநாள் ஜவ்பரின் வலை கிழிந்தது. நெத்தலி வந்த வழியே கடலுக்குத் திரும்பிவிட்டது. ஜவ்பர் கிழிந்த வலைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொதிப்போடு சோமசேகரத்தின் அலுவலகம் போனார்.

“அந்த மிச்சத்தை அள்ளித் தாங்க, சேர். தொழில் செய்ய ஏலாமக் கிடக்கு.”

“எந்த மிச்சம்? கரை துப்புரவாகிட்டுது எண்டு அறிக்கை போயிட்டுது. இல்லாத குப்பையை அள்ள டீசல் அடிச்சா, கணக்காய்வில என்னையெல்லோ கேப்பினம்!”

“அப்ப நான் என்ன செய்ய?”

சோமசேகரமும் இரக்கமுள்ள மனிதர்தான். குரலைத் தணித்தார். “வாற மாசம் இன்னொரு குழு வருது. ஆக மோசமான வலைப்பாட்டைத்தான் துப்புரவாக்குவினம். உங்கட பக்கம் கொஞ்சம் துப்புரவாக்கிப்போட்டினம். அதால பக்கத்தில இருக்கிற முனாப்பின்ர வலைப்பாடுதான் இப்ப மோசத்தில முன்னுக்கு நிக்குது.”

அன்று பின்னேரம் ஜவ்பர் குசினிக் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். ஜெமீலா ஓடிவந்து மறித்தாள்.

“உங்களுக்கு விசரா? நான் கூட்டின இடமல்லவா அது!”

“முனாப் கந்தளாயில இருந்து ஒரு லோட் குப்பை இறக்கிட்டான். வாற மாசம் வாறவங்க நம்மட பக்கம் வந்து அள்ளினாத்தான் என்ட வலை இறங்கும்.”

ஜெமீலா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பஞ்சு பிதுங்கிய பழைய மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“இதையும் கொண்டு போங்க. விருந்தாளி வரக்குள்ள வெறுங்கரையாக் கிடந்தா ஊர் என்ன சொல்லும்?”