லைப்ரரியில் ஒரு கண் பரிசோதனை

கழுத்தில் அட்டை ஒன்று தொங்கிவிட்டால் தலைக்குள் இருப்பது வேலை செய்யாது. நாற்பது பெண்களின் கண் பரிசோதனையை ஒரே காலையில் கெடுக்கப் பார்த்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

வேலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என்னை ‘ஸ்டூடன்ட் அம்பாசடர்’ ஆக்கினார்கள். விருந்தாளிகளுக்கு வளாகத்தைச் சுற்றிக்காட்டும் வேலை. (நீலக் கோட்டு வேறு. வேலூர் வெயிலில்!) முதல் நாள், ஆலங்காயத்திலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளும் பெற்றோரும் பஸ்ஸில் வருவார்கள், கூட்டிப் போ என்றார்கள்.

ஒன்பதரைக்கே ஒரு வெள்ளைப் பஸ் வந்தது. டிபன் பையோடு நாற்பது பெண்கள் இறங்கினார்கள். ஒரு பிள்ளைகூட இல்லை. அதையாவது யோசித்திருக்கலாம். அது ஷூ கம்பெனி பஸ். எங்கள் ஊர் மாதனூரில் தினமும் என் அம்மாவை ஏற்றிப்போவதும் அதே மாதிரி பஸ்தான். எங்கள் காலேஜ் ஹாலில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு அரைநாள் பர்மிஷனில் வந்திருந்தார்கள், பாவம்.

“எல்லாரும் லைனா வாங்க!” என்றேன்.

கம்பெனியில் பழகியவர்கள். அட்டை போட்டவர் சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. வந்துவிட்டார்கள். மைதானம், கேண்டீன், ஆய்வுக்கூடம் என்று ஒன்றரை மணிநேரம் இழுத்தடித்தேன். செல்வியக்கா என்பவர் மட்டும், “இன்னும் எவ்ளோ தூரம்மா?” என்று கேட்டார்.

“கடைசியில தாங்க்கா முக்கியமானது!”

லைப்ரரியில் செல்வியக்கா மூன்று மாடிப் புத்தகங்களை அண்ணாந்து பார்த்து, “எம்மாடி! இவ்ளோத்தையுமா படிக்கறாங்க?” என்றார். எனக்கே புல்லரித்தது. அந்தத் தெம்பில், தூரத்துச் சுவரில் எழுதியிருந்த வாசகத்தைக் காட்டி, “அத கொஞ்சம் படிச்சுக் காட்டுங்கக்கா” என்றேன்.

செல்வியக்கா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். பின்னால் இருந்த முப்பத்தொன்பது பேரும் பொத்திக்கொண்டார்கள்.

“கண்ண ஏன்க்கா மூடறீங்க?”

“நீங்க தானம்மா டாக்டரு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இன்னும் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தார். “ஒண்ணும் தெரியலம்மா. ஊசியில நூல் கோக்கவும் வரல. இந்த மாசம் கண்ணாடி போடலன்னா மெஷின்லருந்து எடுத்துடுவேன்னுட்டாரு சூப்பர்வைசரு. பதினாலு வருஷ மெஷினும்மா அது.”

ஹாலுக்கு ஓடினேன். அங்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். “நாப்பது பேரும் முடிஞ்சுதே” என்றார் டாக்டரம்மா. முடித்தவர்கள் ஆலங்காயத்துப் பெற்றோர்! கூட்டிப்போக ஆளில்லாமல், வரிசை தெரிந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள். “இங்க பிள்ளைய சேக்கணும்னா பெத்தவங்களுக்குக் கண்ணு பாப்பாங்க போல” என்று ஒருவர் பக்கத்து ஆளுக்கு விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். அழுதுகொண்டே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். பதினோரு நீலக் கோட்டுகள் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தன. ஒருத்தி வெள்ளைத்தாளில் கோடு போட்டுப் பெயர் எழுதினாள். கண் பரிசோதனைப் படிப்பு படிக்கிற பிள்ளைகள் எழுத்துப் பலகையைத் தூக்கி வந்து வேப்பமரத்தில் மாட்டினார்கள். டாக்டரம்மா கட்டிய மூட்டையைப் பிரித்தார். என்னை அதுவரை பார்த்தேயிராதவர்கள்கூட எனக்காக ஓடினார்கள். ஒன்றரை வருஷம் இருந்தும், அன்றைக்குத்தான் அது என் காலேஜ் ஆனது.

சோதனைக் கண்ணாடியை மாட்டியதும் செல்வியக்கா மரத்தை நிமிர்ந்து பார்த்தார். “எம்மா… ஒவ்வொரு இலையும் தனித்தனியா தெரியுதும்மா!” அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். “இன்னாம்மா, உன் ஷூல ரெண்டு தையல் விட்டிருக்கு!”

செல்வியக்கா இன்றும் அதே மெஷினில்தான் இருக்கிறார். போன வருஷம் என் கல்யாணத்துக்கு வந்தார். மேடையேறி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். “பரவால்ல, நேரா தான் தெரியறாரு” என்று மைக்குக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

இன்னொரு கண்ணால் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கவலைப்படுகிறார்.