பெரியபாளையத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட தங்கைக்கு

கும்மிடிப்பூண்டி,
6-8-73, திங்கள்

சௌபாக்கியவதி ரத்னாவுக்கு அக்கா கனகாம்பாள் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் சைக்கிளும். கோயமுத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு எழுதிய கடிதத்தில் கழுத்துவலி என்று எழுதியிருந்தாய். அதன் பிறகு கடிதம் இல்லாததால் இன்னும் வலிக்கிறது என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மின்வெட்டு என்று எங்கள் பாக்டரியை ஒரு மாதம் மூடியது உனக்குத் தெரியாது. ஆபீசில் எல்லோரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். எனக்கு இதுவே ஊராகிவிட்டதால், போக இடமில்லாதவள் எங்கேயிருந்தாவது திரும்பியாவது வரலாமே என்று சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போய், அங்கிருந்து சைக்கிளில் கிளம்பினேன். இருபத்துமூன்று நாள். நாய் துரத்தியது, செயின் அறுந்தது, மதுரையில் ஒரு போலீஸ்காரர் என்னைக் காணாமல் போனவள் என்று பிடித்துவைத்துக்கொண்டு, தேடுகிறவர் யார் என்று கேட்டது எல்லாம் பிறகு எழுதுகிறேன். நேற்று, கடைசி நாள் நடந்ததை மட்டும் உடனே சொல்லியாக வேண்டும். அதில் நீ மாட்டிக்கொண்டிருக்கிறாய்.

காலையில் திருவள்ளூர் சத்திரத்திலிருந்து புறப்படும்போது, கடைசி நாளாயிற்றே, நாலு பேர் பார்ப்பார்களே என்று மடித்து வைத்திருந்த மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டேன். வாசல் வேப்பமரத்தில் பல் துலக்க ஒடித்த கொத்தில் மீதியை நாளைக்கு ஆகும் என்று ஹாண்டில்பாரில் செருகினேன். இரண்டும் தனித்தனியாகச் செய்த காரியங்கள். ஆடி ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையத்து அம்மன் கோயில் ரோட்டில், மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஒருத்தி போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பி.ஏ. படித்தவள்.

ஊர் நெருங்கும்போதே கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மாட்டுவண்டியிலிருந்து ஒரு கிழவர் குதித்து முன் சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். இன்னொருவர் டயருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். "ஐயா, டயர், டயர்!" என்றேன். அருள் வந்துவிட்டது என்று பம்பையை இன்னும் வேகமாக அடித்தார்கள். அப்போதுதான் கன்னியம்மா என்னைப் பிடித்தாள். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். உறவு முறையெல்லாம் சேர்த்து நாற்பது பேரோடு வந்திருந்தாள்.

"யக்கா, எங்கேர்ந்து மிதிச்சிக்கினு வர?"

"கன்னியாகுமரி."

"ஐயே! யாருக்கோசரம்?"

"யாருக்காகவும் இல்லை. சும்மாதான். எனக்காக."

அவள் நாற்பது பேரையும் திரும்பிப் பார்த்தாள். "தனக்கோசரம் எவளாவது இம்மாந்தூரம் மிதிப்பாளா? சொல்றதுக்கு வெக்கப்படுது. சொல்லுக்கா, யாருக்கு இன்னா ஒடம்புக்கு?"

ரத்னா, நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லத்தானே வேண்டும்? எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது. தங்கை ரத்னாவுக்கு என்றேன். கழுத்துவலி என்றேன்.

"கய்த்து வலிக்கா?" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். "அதுக்கு தைலம் தடவினா போதாதா?"

சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ சாமான்யமான தங்கை இல்லை என்று காட்டவேண்டி, தலையைத் திருப்ப முடியவில்லை என்றேன், பிறகு எழுந்து உட்கார முடியவில்லை என்றேன், அவர்கள் உச்சுக்கொட்ட உச்சுக்கொட்ட ஆறு மாதமாகப் படுத்த படுக்கை என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆகவே நீ இப்போது பெரியபாளையத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறாய். மன்னித்துக்கொள்.

என்னையும் கோயிலுக்குள் இழுத்துப்போய், சந்நிதிக்கு நேரே நின்று நாற்பது பேரும், "எங்க ரத்னாம்மா எழுந்துக்கணும் தாயே!" என்று கத்தினார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வந்த ஆறு வருஷத்தில் உன் பெயரை என்னைத் தவிர இன்னொருவர் வாயால் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். கன்னியம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மீன் வாசனையும் மஞ்சள் வாசனையும். அப்புறம் மரத்தடியில் உட்காரவைத்து கூழும் கருவாட்டுக் குழம்பும் ஊற்றி, என் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். படுக்கையில் கிடப்பவளின் அக்கா என்பதால் எனக்குக் கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். எதற்கு அழுதேன் என்று கவரைப்பேட்டை வரை யோசித்துக்கொண்டே மிதித்தேன். அதற்கு மேல் நெல்லூர் லாரிகள் வந்ததால் யோசிப்பதை நிறுத்தினேன்.

சரியாக நாலு மணிக்கு பாக்டரி கேட்டுக்கு வந்து சேர்ந்தேன். இந்த ஞாயிறு நாலு மணிக்கு வந்து சேருகிறேன் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். வாட்ச்மேன் சின்னதுரை மட்டும் இருந்தான். பெல்லை இரண்டு தரம் அடித்தேன்.

"இன்னாம்மா, ஊருக்குப் போயிருந்தியா?"

"கன்னியாகுமரி போயிட்டு வரேன், சின்னதுரை."

"பஸ்ல கூட்டமா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுப் பூட்டைத் திறந்து, சைக்கிளை உள்ளே ஏற்றி, "வந்தாச்சு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஸ்டாண்டு போட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது கன்னியம்மா கையைப் பிடித்துக் கண்டிப்பாகச் சொன்னாள்: "யாருக்கோசரம் வேண்டிக்கினியோ அவளை ஆடி முடியறதுக்குள்ள நேர்ல இட்டுக்கினு வந்து வேப்பிலை கட்டி கோயில சுத்தவுடணும். இல்லாட்டி ஆத்தா உடமாட்டா." வருகிற பன்னிரண்டாம் தேதிதான் ஆடியின் கடைசி ஞாயிறு. எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இது தெய்வ காரியம், தட்டக்கூடாது. மாப்பிள்ளையிடம் அப்படியே சொல்.

உன் கழுத்து நேராகவும், பிள்ளைகளின் படிப்பு நேராகவும், மாப்பிள்ளையின் மனசு இந்த ஒரு தடவை என் பக்கமாகவும் இருக்க அம்மன் அருளட்டும்.

உன் அக்கா,
கனகாம்பாள்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். கன்னியம்மா அப்படிச் சொல்லவில்லை. "தங்கச்சி நல்லாய்டுவா, நீ பாத்துப் போ யக்கா" என்று மட்டும்தான் சொன்னாள். இட்டுக்கினு வா என்றது, ஆத்தா விடமாட்டாள் என்றது எல்லாம் நான் சேர்த்தது. உன்னை வரச்சொல்லி எந்தத் தெய்வமும் கேட்கவில்லை, ரத்னா. நான்தான் கேட்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுதியதையும் அடித்துவிடு. சனிக்கிழமை சென்ட்ரலிலிருந்து வரும் வண்டிக்கெல்லாம் ஸ்டேஷனில் நிற்பேன். கேரியரிலிருந்த மூட்டையை அவிழ்த்துவிட்டேன். நீ உட்காரலாம்.