ஒருத்தராவது திரும்பி வரணும்

"இந்த வாரமும் ஒருத்தர்கூட லெட்டரைப் பிரிக்கல மாமா," என்றாள் அக்கா மகள், கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே.

லாண்டரிக்காரர் மடித்துக்கொண்டிருந்த போர்வையை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார். துணிக்கறைகளைப் போக்கும் வழிகளைப் பற்றி இரண்டு வருஷமாக பிளாக் எழுதுகிறார் மனிதர். காபிக்கறை, மைக்கறை, துருக்கறை என்று கறைக்கொரு பதிவு. எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்து படித்தவர்கள் ஆறாயிரம் பேர். வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். மறுபடி எட்டிப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர்களை இழுத்து வரத்தான் வாராவாரம் ஈமெயிலில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். அது பிரிப்பாரில்லாமல் கிடந்தது.

"நான் சொன்னா சொன்னதுதான்," என்றாள் மனைவி கல்லாவிலிருந்து. "மாசக் கடைசிக்குள்ள ஒருத்தராவது திரும்பி வரணும். இல்லன்னா பிளாக்கை மூடிடுங்க. கடை வாசல்ல ஆள் நிக்குது, நீங்க டைப் அடிச்சிட்டு இருக்கீங்க."

அவர் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கெல்லாம் முட்டை வாங்கியவர். வாழ்க்கையிலேயே அவர் எழுதியதைப் படித்தவர்கள் அந்த ஆறாயிரம் பேர்தான்.

"லெட்டரெல்லாம் இப்ப யாரு மாமா படிக்கிறா? போன்ல மணி அடிக்கிற மாதிரி வச்சிடலாம். நாமளே கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, சம்மதம் கொடுத்திருந்த நாற்பது பேரின் போன்களிலும் மணி அடித்து ஒரு வரி மின்னியது: 'உங்கள் சட்டையில் கறை இருக்கிறதா?'

பதில் ஒன்றே ஒன்று வந்தது. 'வேலைக்கான இன்டர்வியூவில் இருந்தேன். போன் மேஜைமேல் இருந்தது. உங்கள் கேள்வியை நான் படித்தேன், எதிரே இருந்த மூன்று பேரும் படித்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து என் சட்டையைப் பார்த்தோம். இருந்தது.'

மணியை உடனே நிறுத்தினார்கள்.

"குரூப் ஆரம்பிச்சிடுவோம் மாமா. ஜனங்க பேசிக்கிட்டே இருப்பாங்க."

பேசத்தான் செய்தார்கள். துருக்கறைக்கு எலுமிச்சையா வினிகரா என்று முதல் நாளே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இரண்டாம் நாள் எலுமிச்சைக் கட்சி கோபித்துக்கொண்டு போனது. சண்டை போட ஆளில்லாமல் வினிகர் கட்சியும் கிளம்பியது. மிஞ்சியவர்கள் அவரும் அக்கா மகளும்தான். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததால், சாயங்காலம் அவளும் வெளியேறிவிட்டாள்.

"இன்னும் மூணு நாள்," என்றாள் மனைவி.

இந்த முறை யோசனை அவருடையதே. "பாதியில நிறுத்தினா வந்துதானே ஆகணும்?" என்றவர், அன்றைய பதிவை இப்படி முடித்தார்: 'எண்ணெய்க்கறை பட்ட சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். பத்து நிமிடத்தில் மிக முக்கியமான ஒன்றைச் செய்ய வேண்டும். அது என்ன? நாளை சொல்கிறேன்!'

பன்னிரண்டாவது நிமிடம் கடைப் போன் அலறியது.

"ஊற வச்சிட்டேங்க," என்றது ஒரு பெண் குரல். "இவருக்கு இருக்கிறதே ஒரு நல்ல சட்டை. பனியனோட நிக்கிறாரு. மீதியைச் சொல்லுங்க."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்த அம்மாள் நாளைக்கு எப்படியும் திரும்பி வருவார், பிளாக் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். பாவம், பனியன்காரர்.

"வெதுவெதுப்பான தண்ணியில அலசுங்கம்மா. தேய்ச்சிடாதீங்க," என்று ஆரம்பித்து முழுவதையும் ஒப்பித்துவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

"பண்ணலாமேம்மா!" என்று அவர் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

மாதத்தின் கடைசி நாள் காலை, அக்கா மகள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "மாமா! ஒருத்தர் திரும்பி வந்திருக்காரு! மைக்கறை பதிவுக்கு. அதுவும் இந்த ரெண்டு நாள்ல இருபத்தாறு தடவை!"

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "இருபத்தாறா? கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்கு எழுதின லெட்டரையே நான் ரெண்டு தடவைதான் படிச்சேன்."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. போதாததற்கு, மத்தியானம் அந்த வாசகரே பதிவில் இருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு பை. இஸ்திரிக்காரர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பிடுங்கி அவருக்குப் போட்டார்கள். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்கள். டீ வந்தது.

"அந்தப் பதிவுல எந்த இடம் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?" என்றார் லாண்டரிக்காரர், குரல் தழுதழுக்க.

"கடைசி வரிங்க. 'கறை இருந்த இடமே தெரியாது'ன்னு எழுதியிருக்கீங்களே." வாசகர் பையிலிருந்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து விரித்தார். சட்டைப் பாக்கெட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நீல மை. "ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து படிச்சு, அப்படியே செஞ்சு பார்த்தேன். இருபத்தாறு தடவை. போகலீங்க."

மனைவி மெல்லப் போய் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடித்தாள். அவர் தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

நின்றபடியே பெட்டி போட்டுக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அப்ப, திரும்பி வராத ஆறாயிரம் பேருக்கும் கறை போயிடுச்சா முதலாளி?"