அஸீமுக்குப் பள்ளிக்கூடம் பார்த்த விபரம்

786

கண்டி
12.1.1934

மாத்தறையில் புடவைக் கடை வைத்திருக்கும் அருமை மகன் முஹ்ஸினுக்கு உம்மா சித்தி றலியா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இத்தனை மழையிலும் அல்லாஹ் நம் கூரையை ஒழுகாமல் வைத்திருக்கிறான். நானும் மருமகள் கைரியாவும் உன் பிள்ளைகள் இருவரும் சுகம்.

நீ எழுதியபடி பேரன் அஸீமுக்குப் பள்ளிக்கூடம் பார்க்க நேற்றுப் போய்வந்தேன். நம் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான் ஒருத்திதானே, வேறு யாரை அனுப்புவது? மூக்கையாவின் மாட்டு வண்டியில் சுற்றிவரத் திரை கட்டிக்கொண்டு, உள்ளிருந்தபடி காதாலேயே பார்த்தேன். எல்லாம் அரைச்சுவர் வைத்த பள்ளிக்கூடங்கள், உள்ளே பேசுவது ரோட்டுக்கே கேட்கும். பேத்தி ரபீகாவும் வந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாமென்று நீ எழுதியது ரொம்பச் சரி மகனே. பெண்பிள்ளையின் குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்றுதான் நானும் வளர்க்கிறேன், அவள் பேசுவது பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்காது. மாட்டுக்குப் புல் பிடுங்கிப் போடுகிறேன் என்று வண்டி நின்ற இடமெல்லாம் குதித்து இறங்கினாள். அஸீம் என் மடியில் தூங்கினான்.

குளத்தடிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "எட்டேழு?" என்று கேட்டு வாய் மூடவில்லை, "அம்பத்தாறு!" என்று ஒரு பிள்ளையின் குரல், வெண்கல மணி அடித்த மாதிரி! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. சந்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கேயும் அப்படி ஒரு பிள்ளை! "மகாவலி கங்கை எங்க போய் கடல்ல சேருது?" "திருகோணமலைப் பக்கம்!" நானும் திரைக்குள்ளிருந்து வாயசைத்தேன், அது முந்திக்கொண்டது. ஹந்தானை மேட்டுப் பள்ளிக்கூடத்தில் "முக்கால்ல கால் போனா?" என்றார்கள். ஒரு பிள்ளையும் மூச்சுவிடவில்லை. பிறகு "அரை!" என்று அதே மாதிரி ஒரு குரல். வாத்தியாரே "யாரது?" என்று கேட்டுவிட்டார், தன் வகுப்பின் கெட்டித்தனம் அவருக்கே தாங்கவில்லை! இதெல்லாம் மத்தியானங்களில் நான் அஸீமுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். அவன் தூங்குவான், ரபீகா பக்கத்திலிருந்து அரிசியில் கல் பொறுக்குவாள். மூன்று பள்ளிக்கூடம், மூன்று பிள்ளைகள், குரல்கூட ஒரே அச்சு! ஸுப்ஹானல்லாஹ், இந்த ஊரில் எப்படித்தான் படிப்பிக்கிறார்களோ! கடைசிக் குரல்தான் ஆகத் துணிச்சலானது, ஆகவே மேட்டுப் பள்ளிக்கூடம்தான். திங்கட்கிழமை அஸீமைச் சேர்க்கிறேன். அஸீமுக்கு ஒரு சிலேட்டும் குடையும் அனுப்பு. அங்கே படித்தால் அஸீம் டாக்குத்தராக வருவது நிச்சயம்.

உன் கடையில் சனமும் உன் கோப்பையில் சோறும் குறையாதிருக்க துஆச் செய்யும்,
உம்மா.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மூக்கையாவைக் கூப்பிட்டு, மேட்டுப் பள்ளிக்கூடத்துக் கெட்டிக்காரப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, அஸீமை அதன் பக்கத்தில் இருத்த வேண்டும் என்று கேட்டேன். அவன் சிரிக்கிறான். "அது நம்ம ரபீகா பாப்பாதாங்கம்மா. மூணு எடத்துலயும் வெளியில நின்னு, அரைச்சுவத்தப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே பதில் சொல்லிச்சு."

"ஏன்டா எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க பள்ளிக்கூடத்தயில்ல பாக்க வந்தீங்க!"

அவளைக் கூப்பிட்டு எட்டேழு கேட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "அங்க அவ்வளவு சத்தமாச் சொன்னியே புள்ள?" என்றேன்.

"அது வாசலுக்கு வெளியதானே, வாப்பும்மா" என்கிறாள்.

ஆகவே மகனே, மேலே அஸீம் என்று இருக்கிற இடத்திலெல்லாம் ரபீகா என்று வாசித்துக்கொள். தூக்கத்தை மட்டும் அவனுக்கே விட்டுவிடு.